அவன் குடியை நிறுத்திய விதம்

அன்புள்ள டாக்டர் ஸ்ரீமதி,

நீங்கள் விட்டுச்சென்ற வினாத்தாளை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். நீல மையில் இருப்பவை விடைகள். பென்சிலில் இருப்பவை உங்கள் எழுத்துப் பிழைகளுக்கான திருத்தங்கள், ஒன்பது இடங்கள். தவறாக எண்ண வேண்டாம். முப்பத்தாறு ஆண்டுகள் தமிழ் கற்பித்துத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவளின் கை, பிழையைக் கண்டால் தானாக நகர்ந்துவிடுகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் சிதம்பரம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, என் மகன் ஆரோக்கியராஜைப் பற்றி முப்பது கேள்விகள் கேட்டீர்கள். இன்சுலின் ஊசியால் மட்டுமே உயிர் வாழ்கிற முதலாம் வகைச் சர்க்கரை நோயாளிகள், பெரியவர்களான பின் மது அருந்தினால் என்ன ஆகிறது என்பது உங்கள் ஆய்வு என்றீர்கள். நல்ல பொருள். பதினோராம் கேள்விக்கு, குடிப்பதில்லை, மூன்று ஆண்டுகளாக ஒரு சொட்டும் இல்லை என்று விடை சொன்னேன். நீங்கள் பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"எப்பிடிம்மா நிறுத்த வெச்சீங்க? இதுவரைக்கும் நான் பாத்தவங்கள்ல நாலே பேருதான் நிறுத்தியிருக்காங்க. நீங்க சொன்னா, போற எடத்துல எல்லாம் மத்த அம்மாங்களுக்கும் சொல்லுவேன்."

அப்போது நான் காப்பி கொண்டுவர எழுந்துவிட்டேன். ஜன்னலோரம் அமர்ந்திருந்தவனைக் காட்டி, அவனுக்குப் பக்கவாதமா என்று கேட்டீர்கள். குடியால் வந்தது என்றேன். எல்லோரையும் போல நீங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்ன எதுவும் பொய்யன்று. ஆயினும் மற்றத் தாய்மார்களிடம் போய்ச் சொல்லப்போவதாக நீங்கள் சொன்னதால், தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுவதே முறை என்று பட்டது.

அவனுக்கு நோய் வந்தபோது வயது பதினொன்று. அவன் தந்தை அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இந்தப் பிள்ளைக்கு மருந்தைவிட மணிதான் முக்கியம் என்று அன்றைய மருத்துவர் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். காலை ஆறு இருபதுக்கு ஊசி, ஆறு ஐம்பதுக்கு இட்லி மூன்று, பத்தரைக்கு ஒரு பிஸ்கட், ஒரு மணிக்கு மறுபடியும் ஊசி. கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், அளவு எல்லாம் எழுதினேன். இருபத்தொரு ஆண்டுகளில் ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை.

அவன் என் பள்ளியில்தான் படித்தான். பள்ளிக்குள் என்னை அம்மா என்று அழைக்கக் கூடாது, டீச்சர் என்றுதான் அழைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவன் வகுப்பைக் கடக்கும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே செல்வேன். சர்க்கரை இறங்கினால் மேலுதட்டில் முதலில் வேர்க்கும். அடுத்தது காதோரம். அதன் பிறகு பேச்சு குழறும். நான் பாடத்தை நிறுத்திவிட்டுப் போய், அவன் கன்னத்துக்குள் சர்க்கரையை அடக்கிவிட்டு வருவேன். அந்த வேர்வையை இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் ஒருவருமில்லை. இதை அடக்கமில்லாமலேயே சொல்கிறேன். இந்தக் கடிதத்துக்கு அது தேவைப்படுகிறது.

2004இல் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவனுக்கு ஷிப்ட் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே குடிக்கத் தொடங்கினான். நோட்டில் எண்கள் தாறுமாறாயின. 2006இல் ஒருமுறை பேருந்திலேயே நினைவிழந்தான். குடிகாரன் என்று நினைத்து, குறிஞ்சிப்பாடியில் இறக்கி நிழற்குடையில் கிடத்திவிட்டுப் போய்விட்டார்கள். சாராய நாற்றம் அடிக்கிற ஒருவனுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்? பழ வண்டிக்காரர் ஒருவர் அவன் சட்டைப்பையில் இருந்த என் தொலைபேசி எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்றும் சொல் கிடைக்கவில்லை.

நான் செய்யாதது ஒன்றுமில்லை. விவிலியத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். வேளாங்கண்ணிக்கு மூன்று முறை கூட்டிச் சென்றேன். ஒருமுறை நானே குடையை எடுத்துக்கொண்டு, தொழிற்பேட்டைச் சாலையில் அவர்கள் குடிக்கும் பாருக்குள் நுழைந்தேன். அவனோடு வேலை செய்யும் கொளஞ்சியப்பன்தான் முதலில் என்னைப் பார்த்தான்.

"டேய் மச்சான், எச்.எம். வந்துட்டாங்கடா. எழுந்து நில்லு."

மேசையில் இருந்த மற்ற நால்வரும் எழுந்து நின்றார்கள். பக்கத்து மேசையில் என் பழைய மாணவன் ஒருவன் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வணக்கம் டீச்சர் என்றான். என் மகன் மட்டும் எழவில்லை.

"உக்காரும்மா. சுண்டல் நல்லா இருக்கும், சாப்புடு," என்றான்.

திரும்பும் பேருந்தில் அவனே பேசினான். "பதினோரு வயசுலேர்ந்து மணி பாத்துதாம்மா சாப்புடுறேன், மணி பாத்துதான் தூங்குறேன். அங்க மட்டுந்தான் நான் மணி பாக்கறதில்ல."

விடை சொல்லும்படியான பேச்சாக அது எனக்குத் தோன்றவில்லை.

மறு ஆண்டு அவனுக்குத் திருமணம் செய்துவைத்தேன். மருமகள் அனுப்பிரியா குறிஞ்சிப்பாடிப் பெண். அமைதியானவள், கையெழுத்து மட்டும் கோணல். 2008 தொடக்கத்தில் அவன் இரண்டாம் முறை மருத்துவமனையில் கிடந்தபோது, கடலூரில் ஒரு மருத்துவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நிறுத்திட்டா நல்லது. நிறுத்தறேன்னு பொய் சொல்லாதீங்க, முடியலன்னா உண்மைய சொல்லுங்க," என்று அவனிடம் தொடங்கியவர், பிறகு எங்களிடம் விளக்கினார். வயிற்றில் உணவு இல்லாத வேளையில் ஈரல்தான் இரத்தத்துக்குச் சர்க்கரையை எடுத்துக்கொடுக்கும். மது இறங்கினால் ஈரல் அந்த வேலையை விட்டுவிடும். அதனால் குடித்த நாளில் கட்டாயம் சாப்பிட வேண்டும். ஊசி அளவைத் தம்மிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். மயக்கமாகக் கிடந்தால் போதை என்று விட்டுவிடாமல் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

அனுப்பிரியா இவை அனைத்தையும் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, என் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். தலைப்பு என்ன தெரியுமா: "மாமா குடிச்சிட்டு வந்தா." ஒவ்வொரு நாள் காலையிலும் என் பிள்ளை குடிப்பதற்கான விதிமுறைகளைப் பார்த்துக்கொண்டே நான் தேநீர் போட வேண்டியிருந்தது. அவன் குடித்துவிட்டு வந்தால் அவள் கோபப்படவில்லை. சோறு பிசைந்து ஊட்டினாள், ஊசியைக் குறைத்தாள், அவன் தூங்கும்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். எண்கள் சீராயின என்பதையும் நான் மறைக்கவில்லை, நோட்டில் இருக்கிறது. ஆனால் அவன் குடி நிற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, அவள் அவனைச் சாவுக்குச் சோறு ஊட்டி வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"குடித்துவிட்டு வருகிறவனுக்கு இந்த வீட்டில் சோறு இல்லை," என்று நான் விதி செய்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டினாள்.

2009 பிப்ரவரியில் அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, ஒம்பதாம் மாசம் போறேனே. மாமாவுக்கு சக்கரை ஒரு நெலையில இல்ல. எங்கம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"ஊர் சொல்லும்," என்றேன். வழக்கம் என்று ஒன்று இருப்பது அதற்காகத்தான். வண்டி ஏறும்போதுகூட, "அந்த சீட்ட மட்டும் கிழிச்சிடாதீங்க அத்தை," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கிழிக்கவில்லை. கழற்றி, மடித்து, அவள் பெட்டிக்குள் வைத்தேன்.

மார்ச் இருபது, வெள்ளிக்கிழமை. தவக்காலம். அவனுக்கு இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கே வந்திருக்க வேண்டும். கடை திறக்கும் வரை காத்திருந்து குடித்துவிட்டு, பன்னிரண்டே முக்காலுக்கு வந்தான். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை என்று அவனே சொன்னான். நல்ல மகிழ்ச்சியில் இருந்தான்.

"கோவிச்சுக்காதம்மா. ஒரு சேதி இருக்கு. கடலூர்ல ஊடு பாத்தாச்சு. மாடி போர்ஷன், தண்ணி நல்லா வருது. கொழந்த பொறந்ததும் அனுவ அங்கேயே கூட்டிக்கிட்டு போயிடலாம்னு இருக்கேன். பஸ்ஸுல அலையற வேலயும் இல்ல. நீ வந்து வந்து பாத்துட்டு போ. கொளஞ்சிதான் இதுக்கு ட்ரீட்டு கேட்டான்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது.

"ஊசிய நீயே போட்டுடும்மா. நீ போட்டா வலிக்காது," என்று சட்டையைத் தூக்கிக் காட்டினான். சிறுவனாக இருந்தபோது காட்டியதைப் போலவே.

விரலில் குத்திப் பார்த்தேன். நூற்றுப்பத்து. நோட்டில் எழுதினேன். பிறகு ஊசி போட்டேன். குறைக்கவில்லை. நோட்டில் ஒரு மணிக்கு என்ன அளவு எழுதப்பட்டிருக்கிறதோ, அந்த அளவு. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன், போட்டு முடித்ததும் சிரித்தான்.

"பசிக்குதும்மா. டாக்டர் சொன்னாருல்ல, குடிச்சா சாப்புடணும்."

"இந்த வீட்டு விதி உனக்குத் தெரியும்."

"தெரியும் எச்.எம். மேடம். கெஞ்சிக் கேக்கறேன், கொழம்பாவது ஊத்து. சரி, செத்த படுக்கறேன். சோறு போடும்போது எழுப்பும்மா."

கூடத்தில் பாயை விரித்துப் படுத்தான். சோறு அடுப்பின் மேலேயே இருந்தது. நான் அதை மூடினேன்.

மூன்று மணிக்கு மேலுதட்டில் வேர்த்தது. பார்த்தேன். நாற்பத்தொன்று. எழுதினேன். இந்த ஒருமுறை அவன் பயப்படட்டும் என்று நினைத்தேன். இதுவரை ஒவ்வொரு முறையும் யாராவது அவனைத் தூக்கி நிறுத்தியிருக்கிறோம். அதனாலேயே அவன் விழுவதற்கு அஞ்சவில்லை என்பது என் முடிவு. ஓர் ஆசிரியை அப்படித்தான் நினைப்பாள். கால் மணி நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றரைக்குக் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான், ஆனால் வீட்டில் இருப்பதாக நினைக்கவில்லை.

"டீச்சர்," என்றான். "மணி அடிச்சிருச்சா?"

"இன்னும் இல்லை," என்றேன்.

நான்கு மணிக்கு இருபத்தெட்டு. அதையும் எழுதினேன். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டு ராசம்மாள் முறத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"டீச்சரம்மா, தம்பி என்னா இப்பிடி கெடக்குது? ஊத்தாட்டம் வேர்க்குதே."

"குடித்திருக்கிறான்."

"எங்க ஊட்டுக்காரருந்தான் முப்பது வருசமா குடிக்கறாரு. கத்துவாரு, வாந்தி எடுப்பாரு. ஒரு நாளும் இப்பிடி வேர்த்ததில்ல. இருங்க, துளி வெல்லத்தண்ணி கரைச்சாரேன்."

அவள் கிளம்பியே விட்டாள். நான் அவளை நிறுத்தினேன்.

"சர்க்கரை நோயாளிக்கு வெல்லமா? கொன்றுவிடாதே, ராசம்மா."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, எனக்கு ஏது அந்த அறிவு. நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாதா," என்று சொல்லி, முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். இன்றுவரை, அன்று ஒரு பாவத்திலிருந்து தப்பியதாகவே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஐந்து மணிக்குக் கோவிலில் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைகளுக்கும் வாசகம் படிப்பது பல ஆண்டுகளாக நான்தான். மற்றவர்கள் நிறுத்தற்குறிகளைக் கவனிப்பதில்லை. சேலை மாற்றினேன். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கதவைப் பூட்டினேன். பதினான்கு நிலைகளையும் படித்தேன். ஓர் இடத்திலும் குரல் தடுமாறவில்லை; வெளியே வந்ததும் பங்குத்தந்தை பாராட்டினார். ஆறரை மணிக்குப் பூட்டைத் திறந்தேன். அதன் பிறகு சர்க்கரையைக் கன்னத்தில் அடக்கினேன். 108க்குச் சொன்னேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். என் அழுகையைக் கண்டு வண்டியோடு வந்த பணியாளரே கலங்கிவிட்டார், அது நடிப்பன்று.

இருபத்தாறு நாள்கள் மருத்துவமனையில் இருந்தான். உயிர் மீண்டது, மூளையின் பெரும்பகுதி மீளவில்லை. வெறும் வயிற்றில் குடித்ததால் வந்தது என்று சீட்டில் எழுதினார்கள். கொளஞ்சியப்பன் வந்து என் காலில் விழுந்து, எல்லாம் தன்னால்தான் என்று அழுதான். அவன் அதன் பின் குடியை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவனையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அவனுக்குச் சர்க்கரை இல்லை என்பதைத் தவிர.

அனுப்பிரியா ஒருத்திதான் கேட்டாள். பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்தவள், முதலில் அவனைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அத்தை, அன்னிக்கு நீங்க நோட்டுல எழுதலியா?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அவள் வருவதற்கு முன்பே மார்ச் மாதம் முழுவதையும் புது நோட்டில் படியெடுத்து வைத்திருந்தேன். அதில் அந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு எண்கள் இல்லை. அவள் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். என் கையெழுத்தைச் சந்தேகிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பழைய நோட்டின் அந்தப் பக்கத்தை இப்போது உங்களுக்கு அனுப்புகிறேன். 110, 41, 28. என் கையெழுத்துதான், அன்று நடந்ததற்குச் சாட்சி வேண்டுமானால் ராசம்மாளைக் கேளுங்கள். இதைப் படித்த பின் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். நான் அறியாமல் எதையும் செய்யவில்லை. ஊசி இறங்கும் முன்பே எனக்குத் தெரியும். ராசம்மாளைத் திருப்பி அனுப்பும்போது தெரியும். பூட்டும்போதும் தெரியும். சொல்லலங்காரம் ஏதும் இல்லாமல் இதைச் சொல்லிவிடுகிறேன்: அவனை இப்படி ஆக்கியது சாராயமன்று, நான்.

ஆனால் இதை மட்டும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் அவனைக் குடியிலிருந்து காப்பாற்றினேன். கடலூர் வீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அனுப்பிரியா வேலை தேடிக் கடலூருக்கே போய்விட்டாள். அவனையும் அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டாள். முதல் ஊசி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஆறரை என்றாள். ஆறு இருபது என்று திருத்தினேன். அழுதுகொண்டே போனாள். மாதம் ஒருமுறை குழந்தையைக் கூட்டிவருகிறாள். குழந்தை அப்பா என்று கூப்பிட்டால், அவன் முதலில் என்னைப் பார்ப்பான்.

சென்ற டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்து, நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மண்பானையில் ஈர மணல் நிரப்பி, அதற்குள் இன்சுலின் குப்பியைக் குளிர்ச்சியாக வைத்துக் காப்பாற்றினேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அவன் உடல் தேறியிருப்பதை நீங்களே பார்த்தீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறான், நேரத்துக்குத் தூங்குகிறான், எதையும் கேட்பதில்லை. மாலையில் தெருக்கோடியில் கடலூர்ப் பேருந்தின் ஹாரன் கேட்டால் மட்டும், நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்ப்பான். நான் தோளில் கை வைத்ததும் உட்கார்ந்துவிடுவான். அவன் எப்போதுமே சொன்னால் கேட்கிற பிள்ளை.

இப்படிக்கு,
பிரிசில்லா